சின்ன துரைக்கான மாலை

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து பார்த்தால் மாலைகள் நன்றாகத் தெரிந்தன. ஆலயத் தலைவர் வீரன் மாமா மேசையில் வாழையிலை விரித்து, அவற்றை வரிசையாக வைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். முதலில் இருந்தது ரோஜாவும் சம்பங்கியும் சேர்த்துக் கட்டிய பெரிய மாலை. அடுத்தது அதைவிடக் கொஞ்சம் சின்னது. அப்புறம் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணிக்கு, நன்கொடை கொடுத்தவர்களுக்கு என்று அளவு குறைந்துகொண்டே போய்க் கடைசியில் வெறும் சாமந்திச் சரமாக முடிந்தது. எங்கள் ஒன்பதாங்கட்டைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பெரிய துரைக்கு முதல் மாலை, சின்ன துரைக்கு இரண்டாவது மாலை. வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். வெள்ளைக்காரன் போனான், ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது, தொழிலாளர் லயத்தில் பாதி வீடுகளில் இப்போது வங்காளதேசத்துப் பையன்கள் இருக்கிறார்கள். மாலை வரிசை மட்டும் அப்படியே இருக்கிறது.

பெரிய துரை என்றால் மேனேஜர். சின்ன துரை என்றால் அசிஸ்டண்ட் மேனேஜர். போன வருஷத்துச் சின்ன துரை ஒரு நாள் காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அந்த நாற்காலி காலி. மேட்டில் இருக்கும் அவருடைய பங்களாவும் காலி. ஆளே இல்லாத பதவிக்கு மாலை வந்திருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள் என்று பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்காமார்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் குனிந்து அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

விஷயம் இதுதான். என் கைப்பேசியில் இரண்டு மின்னஞ்சல்கள் இருந்தன. ஒன்று இந்தத் தோட்டத்தை நடத்தும் கம்பெனியிலிருந்து. வட சிலாங்கூர் தோட்டங்களில் ஒன்றில் அசிஸ்டண்ட் மேனேஜர் வேலை. ஃபோனில் பேசிய பெண், "உங்க அட்ரஸ் பார்த்தேன், உங்க எஸ்டேட்லயே ஆள் இல்ல, மோஸ்ட்லி அங்கதான் போடுவாங்க" என்று பெரிய உபகாரம் செய்வதுபோல் சொன்னாள். இன்னொன்று கோலாலம்பூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்திலிருந்து. ஏதோ ஓர் ஐரோப்பிய விமானக் கம்பெனியின் பயணிகள் தொலைத்த பெட்டிகளைப் பற்றி எழுதும் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலை. ஏர்கோன், எல்ஆர்டி ரயில் ஸ்டேஷன் பக்கத்திலேயே, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே பார்க்கலாம். இரண்டுக்கும் திங்கள் மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்று ஞாயிறு.

அம்மாவிடம் நான் சொன்னது இரண்டே வாக்கியம். "அம்மா, நம்ம கம்பெனியிலயே அசிஸ்டண்ட் மேனேஜர் வேலை குடுத்திருக்காங்க. இன்னும் யோசிக்கணும்." முதல் வாக்கியம் அம்மாவின் காதில் விழுந்தது. இரண்டாவது விழவில்லை. அம்மா பாசிர் பெனம்பாங்கில் ஒரு கடல் உணவுக் கடையின் சமையல்கட்டில் நண்டு கழுவுகிறாள். வீரன் மாமாவின் மனைவியும் அங்கேதான். நண்டு கழுவி முடிப்பதற்குள் செய்தி தோட்டத்துக்கு வந்துவிட்டது. அன்று மாலையே தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் எனக்குக் கும்பிடும் கைகளும் பூங்கொத்துகளும் வந்து குவிந்தன. ராவாங்கில் குடியேறி எங்களையெல்லாம் மறந்துபோனவர்கள்கூட வாழ்த்து அனுப்பினார்கள். 'இன்னும் முடிவு பண்ணல' என்று எழுதினேன். அதற்கு ஒருவர், 'தன்னடக்கம் வாழ்க' என்று போட்டார். இதற்கு மேல் நான் என்ன எழுதுவது?

உண்மையைச் சொன்னால், எந்த வேலை வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் படித்தது விவசாய அறிவியல். அதையும் நான் கேட்டு வாங்கவில்லை. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ஆறு பாடங்கள் போட்டேன், ஏழாவதாக இதைக் கொடுத்தார்கள். கடைசிப் பருவத்தில் வேலை தேடுவதைப் பற்றி ஒரு பட்டறை நடத்தினார்கள். மைக் பிடித்த ஒரு பெண்மணி ஆளுக்கு ஒரு மஞ்சள் தாளைக் கொடுத்து, வேலையில் நீங்கள் முதலில் தேடுவது என்ன என்று எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். என் அறைத்தோழி மோகனா கொஞ்சமும் தயங்காமல், 'சனிக்கிழமை லீவு' என்று எழுதினாள். சரண் 'கத்தாத பாஸ்' என்று எழுதினான். ஒருத்தி 'கார் பார்க்கிங்'. நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்தில் முகம் தெரியாத ஒரு பையன் 'வளர்ச்சி' என்று எழுதியதைப் பார்த்து நானும் 'வளர்ச்சி' என்று எழுதி ஒட்டினேன். அந்தப் பெண்மணி என் தாளைத்தான் எடுத்து எல்லாருக்கும் படித்துக் காட்டிப் பாராட்டினார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் எனக்கு வளர்ச்சி என்றே வாயில் வருகிறது. நேர்முகத் தேர்வில்கூட அதைத்தான் சொன்னேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

தோட்டக் கம்பெனியின் நேர்முகத் தேர்வுக்குப் போனதற்கும் பெரிய காரணம் கிடையாது. எங்கள் வகுப்பே போனது. பஸ் ஏற்பாடு செய்திருந்தார்கள், சாப்பிட நாசி லெமாக் பொட்டலம் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது மோகனா, "நீ அங்க போய் மாட்டிக்காத லா. ரூம் பார்த்து வச்சிட்டேன், ஜன்னல் இருக்கு" என்றாள். அவளும் பெட்டி தொலைத்தவர்களின் கம்பெனிக்குத்தான் போகிறாள். ஜன்னல் உள்ள அறைக்கு முன்பணம் கட்டச் சொல்லி அவள் அனுப்பும் குறுஞ்செய்திகளை இரண்டு நாளாக நான் திறக்கவே இல்லை.

அம்மாவுக்குத் தெளிவு இருக்கிறது. அப்பா அழகேசன் இந்தத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்பதற்கு எங்கள் வீட்டில் இதுவரை பதில் கிடையாது. நான் சின்ன துரையானால் மேட்டுப் பங்களா. அம்மா அங்கே சாமி மேடையை எந்த அறையில் வைப்பது என்றுகூட யோசித்துவிட்டாள். "மூணு ரூம் பாப்பா. ஜன்னலுக்கு கொசுவல போட்டிருக்காங்க. நான் அந்த வீட்ட கூட்டிப் பெருக்கப் போனவ, எனக்குத் தெரியாதா?" என்றாள். அதைக் கேட்டபிறகு எப்படி வேண்டாம் என்பது? அம்மாவின் ஆசை நியாயமானது. அதுதான் கஷ்டம்.

அப்பாவிடம் நேற்றுத்தான் கேட்டேன். திருவிழாவுக்கு வெற்றிலையும் கற்பூரமும் வாங்க புக்கிட் பெலிம்பிங் வரை மோட்டார் சைக்கிளில் போனோம். அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு கேட்பது எனக்கு வசதியாக இருந்தது.

"அப்பா, நான் நம்ம தோட்டத்துக்கே வரட்டுமா?"

அப்பா ஒரு பள்ளத்தை ஒதுக்கி ஓட்டினார்.

"ஒன் இஷ்டம் பாப்பா."

தமிழில் இதைவிட உதவாத பதில் ஒன்று இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. கோபமாக வந்தது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம், வா என்றால் வா என்று சொல்லலாம். இரண்டும் இல்லாமல் என் இஷ்டமாம். என் இஷ்டம் எது என்று எனக்குத் தெரிந்தால் நான் ஏன் மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து கேட்கிறேன்? வெற்றிலைக் கடையில் இறங்கியபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அவசரமாகக் கற்பூரம் என்ன விலை என்று கேட்டார்.

எனக்குள் ஒரு காட்சி மாட்டிக்கொண்டிருக்கிறது. நான் பதினாலு வயதில் படிவம் இரண்டு படித்தபோது பள்ளி பஸ்ஸுக்காக பெரட்டுக் களத்தின் ஓரத்தில் நிற்பேன். பெரட்டு என்பது விடிவதற்குள் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பது. அன்று பழுக்காத குலைகளை வெட்டிவிட்டார்கள் என்று அப்போதிருந்த சின்ன துரை அப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சின்ன துரைக்கு இருபத்துநான்கு வயதுகூட இருக்காது. முகத்தில் பரு. அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, "சரிங்க தொர, சரிங்க தொர" என்றார். வீட்டில் தட்டு கீழே விழுந்தாலே லயமே கேட்கும்படி சத்தம் போடுகிற மனிதர். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அந்தச் சின்ன துரை கெட்டவர் இல்லை. பழுக்காத குலையை வெட்டினால் மண்டோரைக் கேட்பதுதான் அவருடைய வேலை. மின்னஞ்சலில் வேலைப் பொறுப்புகள் என்ற தலைப்பில் அது நாகரிகமான ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது.

பால்குடம் முடிந்து, பூசை முடிந்து, வெயில் உச்சிக்கு வந்தபோது பெரிய துரை சிவநேசன் வந்தார். ஈப்போக்காரர். வெள்ளை வேட்டியில் கூச்சத்தோடு நடந்தார், வேட்டிக்கு மேல் பெல்ட் போட்டிருந்தார். பந்தலின் முன்வரிசையில் துணி போட்ட நாற்காலிகள் இருந்தன. வீரன் மாமா சமையல் கொட்டகைக்கே வந்து, "பாப்பா, வா வா, கையக் கழுவிட்டு வா" என்று என்னைக் கூட்டிப்போய்ப் பெரிய துரைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். என் விரல்களில் வெங்காய வாடை. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். பின்வரிசையில் அம்மா பட்டுப்புடவையோடு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தபடியே இருந்தேன்.

"கங்கிராட்ஸ்" என்றார் சிவநேசன். "எச்ஆர் எனக்கு இன்னும் ஒண்ணுமே சொல்லல. அவங்க எப்பவும் அப்பிடித்தான்."

"சார், நான் இன்னும் அக்செப்ட் பண்ணல."

அவர் ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு நடுவே காதைச் சாய்த்தார். கேட்டதா இல்லையா தெரியவில்லை. "நீங்க இங்கயே பிறந்தவங்க. ஓடிப்போக மாட்டீங்க. அதான் எனக்கு வேணும்" என்று சொல்லிச் சிரித்தார். அவருக்கும் வேலைக்கு ஆள் எடுப்பதில் ஒரு தேடல் இருக்கிறது என்று அப்போதுதான் தோன்றியது. ஓடிப்போகாத ஆள். நான் அப்படிப்பட்டவளா? நான்கு வருஷமாக ஒவ்வொரு விடுமுறையிலும் இங்கிருந்து கிளம்பும்போது பஸ்ஸில் எனக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்துக்கொண்டேன். அதே பஸ்ஸில், கோலசிலாங்கூர் பாலம் ஏறும்போது வரும் அழுகையையும் நினைத்துக்கொண்டேன். இரண்டும் உண்மை. எதை வைத்து எதை முடிவு செய்வது?

வீரன் மாமா மைக்கைத் தட்டினார். பெரிய துரைக்கு முதல் மாலை என்று அறிவித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. துரைமார்களுக்கு மாலை போடுவது மூத்த மண்டோர். மற்ற மண்டோர்கள் எல்லாம் ஓய்வு பெற்றோ செத்தோ போய்விட்டார்கள். இப்போது மூத்த மண்டோர் என்றால் அப்பாதான்.

அப்பா மேசையிலிருந்து பெரிய மாலையை எடுத்து வந்து சிவநேசனுக்குப் போட்டார். கைதட்டினார்கள். "அடுத்து" என்றார் வீரன் மாமா. குரல் தழுதழுத்தது. நிஜமாகவே தழுதழுத்தது, அவரும் நாற்பது வருஷம் டிராக்டர் ஓட்டிய ஆள். "நம்ப லயத்துப் புள்ள. நம்ப அழகேசன் மண்டோர் மக. நம்ப தோட்டத்துச் சின்ன தொர விஷாலினி!" பந்தல் எழுந்து நின்று தட்டியது. யாரோ விசிலடித்தார்கள். நானும் எழுந்தேன். எழாமல் இருக்க முடியவில்லை.

அப்பா இரண்டாவது மாலையை எடுத்துக்கொண்டு என்னை நோக்கி வந்தார். என்னைப் பார்க்கவில்லை, மாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டடி தூரத்தில் நின்றார். அப்போது அவருடைய இடது கை தானாக மேலே போனது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. சின்ன துரைகளுக்கு முன்னால் இத்தனை வருஷம் அந்தக் கை செய்து வந்ததை அன்றும் செய்தது. செய்த பிறகு அவருக்கே தெரிந்துவிட்டது. துண்டைத் திரும்ப எடுக்கவும் முடியாமல், வைத்துக்கொண்டிருக்கவும் முடியாமல் அப்படியே நின்றார். தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது.

எனக்கு அழுகை வந்தது. எல்லாரும் அதைச் சந்தோஷம் என்று நினைத்திருப்பார்கள்.

நான் தலையைக் குனியவில்லை. இரண்டு கைகளையும் நீட்டினேன். மாலையைக் கழுத்தில் வாங்காமல் கையில் வாங்கினால் வேண்டாம் என்று அர்த்தம் ஆகும் என்று அந்த ஒரு நிமிஷத்தில் நினைத்தேன். அப்பா மாலையை என் கைகளில் வைத்தார். ஈரமாக, கனமாக இருந்தது. உடனே வீரன் மாமா மைக்கில், "பாத்தீங்களா, பொம்பளப் புள்ள! அப்பா கையால கழுத்துல வாங்காது, கையிலதான் வாங்கும். இதான் வளர்ப்பு!" என்றார். கைதட்டல் இன்னும் பெரிதாகியது. நான் வேண்டாம் என்று சொன்னதே வேண்டும் என்று ஆகிவிட்டது.

சாப்பாடு பந்தலின் இன்னொரு பக்கத்தில். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், நீள மேசைகள். அம்மா பரிமாறப் போய்விட்டாள், யார் யாருக்கோ பங்களாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் அப்பாவும் மேசையின் ஓரத்தில் இடம் பிடித்தோம். மாலையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தரையில் வைக்கக் கூடாது, சாப்பாட்டு மேசையில் வைக்க இடமில்லை, மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட முடியாது. கடைசியில் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த நாற்காலியில் வைத்தேன். துண்டு அப்பாவின் தோளுக்குத் திரும்ப வந்திருந்தது.

கைப்பேசி அதிர்ந்தது. மோகனாதான். 'ரூம் வேற ஆளுக்குக் குடுக்கவா? யெஸ் ஆர் நோ சொல்லு லா ப்ளீஸ்.' திருப்பி மேசைமேல் கவிழ்த்து வைத்தேன்.

"அப்பா."

"சாப்புடு."

"நீங்க உண்மையச் சொல்லுங்க. நான் பெரட்டுல உங்க முன்னாடி நின்னா ஒங்களுக்குக் கேவலமா இருக்குமா?"

அவர் சோற்றைப் பிசைந்தார். இந்த முறையும் என் இஷ்டம் என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"திட்டுனா வாங்கிக்குவேன் பாப்பா. பழக்கம்தான்" என்றார். பிறகு குரலை ரொம்பத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பயலுங்க எல்லாம் வரிசையில நிப்பானுங்க. நான் வாய் தவறி ஒன்னப் பாப்பான்னு கூப்ட்டுட்டேன்னா? அப்பறம் ஒம் பேச்ச எவன் கேப்பான்? ஒரு வாரமா அதான் யோசிக்கிறேன். மேடம்னு சொல்லிப் பாக்குறேன், காட்டுல தனியா நின்னு. வரமாட்டேங்குது."

அப்பா செம்பனைக்கு நடுவில் தனியாக நின்று மேடம், மேடம் என்று சொல்லிப் பார்ப்பதை நினைத்ததும் சிரிப்பு வந்தது, அதை மறைக்கத் தண்ணீர் குடித்தேன். வா என்கிறாரா, வராதே என்கிறாரா? இல்லை, அவருக்கும் தெரியாமல்தான் என்னிடம் கேட்கிறாரா? சுவரில் ஒட்டிய அந்த மஞ்சள் தாளை இப்போது திரும்பக் கொடுத்தால் நான் அதில் எதை எழுதுவேன்? சனிக்கிழமை லீவு என்று எழுதியவளை அன்று பார்த்துச் சிரித்தேன். அவளுக்காவது ஒரு வார்த்தை தெரிந்திருந்தது.

"பழகிடும்பா" என்று வாய் வரை வந்தது. அது ஒரு பதிலாகிவிடும் என்று பயந்து சாப்பிட்டேன்.

கூட்டம் சேர்ந்துகொண்டே இருந்தது. ராவாங்கிலிருந்து வந்தவர்கள், சுங்கை ஆயர் தாவாரிலிருந்து வந்தவர்கள் என்று தட்டும் கையுமாக இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகம் தெரியாத ஒரு பெரியவர் எங்கள் மேசைப் பக்கம் வந்தார். ஒரு கையில் தட்டு, மறு கையில் தண்ணீர்ப் புட்டி. நடு நாற்காலியையும் அதில் சுருண்டு கிடந்த மாலையையும் பார்த்தார். அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"இங்க ஆள் இருக்காங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். வாயில் சோறு இருந்தது, மெல்லுவதை நிறுத்தியிருந்தார். நான் மாலையைப் பார்த்தேன். வெயிலில் அதன் ரோஜாக்கள் ஓரம் கறுக்கத் தொடங்கியிருந்தன, நாற்காலியின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பெரியவர் அவசரப்படவில்லை. தட்டில் சாம்பார் விளிம்புக்கு ஓடி வந்துவிட்டது, அதைச் சிந்தாமல் தட்டைச் சமமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.